கேட்பாரற்ற உயிர்

ஏரியை நடுவில் வைத்துப் பூங்கா அமைப்பது மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் நெடுநாளைய வழக்கம். தைப்பிங் நகரின் புகழ்பெற்ற ஏரிப் பூங்கா, ஈயம் தோண்டிக் கைவிடப்பட்ட குழிகளிலிருந்து 1880ஆம் ஆண்டில் உருவாக்கப்பட்டது. மனிதன் தோண்டிப் பயன்கொண்டு விட்டுச்சென்ற பள்ளங்களில் மழைநீர் தேங்கிற்று. கரையில் மரங்கள் கவிந்தன. காண்போர் கண்ணுக்கு இனிய காட்சியாயிற்று. ஆனால், கைவிடப்பட்டவை எல்லாமே இவ்வாறு அழகாகி விடுவதில்லை.

அத்தகைய பூங்கா ஒன்றின் காலைப் பொழுதை எண்ணிப் பார்க்கலாம். நடைப்பயிற்சிக்கு வந்தோர் கரையைச் சுற்றி வருகின்றனர். நீரோரத்தில் வெள்ளை வாத்து ஒன்று ஒதுங்கிக் கிடக்கிறது. யாரோ மீன் பிடித்து அறுத்தெறிந்த தூண்டில் நரம்பு அதன் காலில் பல சுற்றுச் சுற்றி இறுகியிருக்கிறது. கால் வீங்கிக் கறுத்துவிட்டது. எழ முயல்கிறது, இரண்டடி நொண்டிச் சாய்கிறது. ஒருவர் நின்று கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டு போகிறார். ஒரு குழந்தை கையிலிருந்த ரொட்டியைப் பிய்த்து வீசுகிறது. மற்றொருவர், 'எல்லாம் இயற்கை, நாம் தலையிடக்கூடாது' என்று சொல்லி நடையை எட்டிப் போடுகிறார். நான்காமவர் நின்றுவிடுகிறார். அவருக்கு வேலைக்குப் போக நேரமாகிறது. கையில் பணமும் மிகுதியாக இல்லை. வாத்தைத் தூக்கிப் பழக்கமும் இல்லை. ஆயினும் அவரால் நகர முடியவில்லை.

அந்த நான்காமவரின் உள்ளத்தில் முதலில் எழும் வினா, 'இந்த வாத்து யாருடையது?' என்பதுதான். எளிய வினாவாகத் தோன்றினும், அறநூலார் பலரும் நெடுங்காலம் ஆராய்ந்த சிக்கல்கள் பல இதனுள் அடங்கியிருக்கின்றன.

இடைப்பட்ட உயிர்

விலங்குகளையும் பறவைகளையும் இருவகையாகப் பிரித்துப் பார்ப்பது மனிதனின் பழக்கம். ஒன்று வீட்டில் வளர்வது. மற்றொன்று காட்டில் வாழ்வது. வீட்டில் வளர்வதற்கு உடையவன் உண்டு. காட்டில் வாழ்வதற்குக் காடே காப்பு. பூங்காக் குளத்து வாத்தோ இரண்டிலும் சேராது. அது வீட்டிலிருந்து வெளியேறியது. ஆனால் காட்டைச் சென்று சேராதது.

அதன் குலவரலாற்றை நோக்கினால் இந்த இரங்கத்தக்க நிலை விளங்கும். இன்று உலகெங்கும் வளர்க்கப்படும் வாத்தினங்களில் மிகப் பெரும்பாலானவை, வடபுல நாடுகளின் நீர்நிலைகளில் வாழும் பச்சைத்தலைக் காட்டு வாத்தின் வழிவந்தவை. முகத்தில் சிவந்த தசைமுடிச்சுகளைக் கொண்ட மணிலா வாத்து மட்டும் தென்னமெரிக்க வழியினது. பச்சைத்தலைக் காட்டு வாத்து ஏறத்தாழ ஒரு கிலோ எடையே உள்ளது. கண்டம் விட்டுக் கண்டம் பறக்கும் ஆற்றல் வாய்ந்தது. மனிதன் அதைப் பிடித்து, தலைமுறை தலைமுறையாக எடை மிகுந்ததை மட்டும் தேர்ந்து இனம் பெருக்கினான். சீனத்தில் தோன்றி, 1873ஆம் ஆண்டில் அமெரிக்காவுக்குக் கொண்டு செல்லப்பட்டு, பிறகு உலகெங்கும் பரவிய பெக்கின் என்னும் வெள்ளை வாத்து, ஏழு வாரங்களிலேயே மூன்று கிலோ எடையை எட்டிவிடுகிறது. அந்த எடையைச் சிறகுகள் தாங்கா. பறவை என்னும் பெயர் இருக்கிறது; பறத்தல் இல்லை. காட்டில் மறைந்து வாழ உதவும் பழுப்பு நிறமும் இல்லை. வெண்ணிறத்தோடு வெட்டவெளியில் நிற்கும் அது, நாய்க்கும் நீருடும்புக்கும் தொலைவிலிருந்தே தன்னைக் காட்டிக் கொடுத்துக்கொள்கிறது.

இத்தகைய பறவை பூங்காக் குளத்துக்கு வந்து சேர்வது எங்ஙனம்? மஞ்சள் குஞ்சாக இருக்கும்போது குழந்தைகளின் விளையாட்டுக்கென வாங்கப்படுகிறது. சில வாரங்களில் வளர்ந்து இரைச்சலிடுகிறது, வீட்டை அழுக்காக்குகிறது. அடுக்குமாடி வீட்டில் வாத்துக்கு இடம் ஏது? 'குளத்தில் விட்டால் பிழைத்துக்கொள்ளும்' என்று சொல்லி ஒரு மாலைப் பொழுதில் கொண்டுபோய் விடுகின்றனர். புண்ணியம் கருதி விடுவோரும் உளர். விட்டவர் நெஞ்சில் நிறைவோடு வீடு திரும்புகிறார். நன்கு பேணினால் எட்டுப் பத்து ஆண்டுகள் வாழக்கூடிய ஓர் உயிர், அன்றிலிருந்து தன் வாழ்வைத் தானே தேடத் தொடங்குகிறது. தேடுவதற்கான கருவிகளோ அதனிடம் இல்லை.

இந்த மண்ணின் தமிழ் மக்களுக்கு இந்நிலை முற்றிலும் புதியதன்று. பால்மரத் தோட்டங்களின் லயத்து வீடுகளில் கோழியும் ஆடும் மாடும் வாத்தும் மனிதரோடு சேர்ந்து வாழ்ந்தன. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, பின்னர் வீடமைப்புப் பகுதிகளாகவும் பிறவாகவும் மாறியபோது, பல தலைமுறைகள் உழைத்த மக்கள் மூட்டை கட்டிக்கொண்டு நகரத்து ஓரங்களுக்குக் குடிபெயர்ந்தனர். மாட்டை விற்க முடிந்தது. ஆட்டை அறுக்க முடிந்தது. எஞ்சியவை அப்படியே விடப்பட்டன. ஒரு பயனுக்கென ஓரிடத்துக்குக் கொண்டுவரப்பட்டு, பயன் தீர்ந்ததும் 'இனி உன் பாடு' என்று விடப்படுவதன் பொருளை அம்மக்கள் நன்கு அறிவர். மனிதரையும் வாத்தையும் ஒன்றெனக் கூறுவது இழிவுபடுத்துவதாகிவிடும். ஆனால், விட்டுச்செல்வோரின் மனநிலை இரண்டிடத்தும் ஒன்றாகவே இருக்கிறது என்பதை மறுப்பதற்கில்லை.

கடனும் கொடையும்

திருவாரூரில் மனுநீதிச் சோழன் அரண்மனை வாயிலில் ஆராய்ச்சி மணி கட்டியிருந்தான் என்பது வழிவழி வரும் வரலாறு. கன்றை இழந்த பசு அம்மணியை அசைத்தது. அரசன் எழுந்து வந்து கேட்டான். இக்காலத்திலும் அத்தகைய மணிகள் சில உண்டு. சட்டங்களே அவை. மலேசியாவில் 2015ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டம் விலங்குகளைக் கொடுமைப்படுத்துவதைக் குற்றமாக்குகிறது; அவற்றை வைத்திருப்போர்க்குக் கடமைகளையும் விதிக்கிறது. சிங்கப்பூரில் வளர்ப்பு விலங்கைத் தக்க காரணமின்றிக் கைவிடுவதே குற்றமாகும். இவை போற்றத்தக்க சட்டங்கள். ஆயினும் சட்டம் தீங்கு செய்தவனைத் தேடுமேயன்றி, வழியே செல்பவனைப் பிடித்து 'நீ ஏன் உதவவில்லை?' என்று கேட்பதில்லை. வாத்தைக் கைவிட்டவர் யாரென்று தெரியாது. நரம்பை அறுத்தெறிந்தவரும் யாரென்று தெரியாது. எனவே சட்டம் நின்றுவிடும் இடத்தில் அறம் தொடங்க வேண்டியிருக்கிறது.

'இயற்கையில் தலையிடக்கூடாது' என்று சொல்லிச் சென்றவரின் கூற்றை எளிதாகத் தள்ளிவிடக்கூடாது. அதிலும் ஓர் உண்மை உண்டு. நீருடும்பு கொக்கின் முட்டையைத் தின்கிறது; கொக்கு மீனைத் தின்கிறது. உடும்பை விரட்டி முட்டையைக் காப்பாற்றுகிறவன் உடும்பின் பசிக்குப் பொறுப்பேற்க வேண்டியவனாகிறான். காட்டின் ஒழுங்கைக் காட்டிடமே விட்டுவிடுவது பணிவு, அறிவும்கூட. ஆனால், குளத்து வாத்தின் நிலை அத்தகையதா? அதன் பறக்கும் ஆற்றலைப் பறித்தது இயற்கையன்று. அதை அக்குளத்தில் கொண்டு வந்து விட்டது இயற்கையன்று. காலை இறுக்கும் நைலான் நரம்பும் எந்த மரத்திலும் காய்ப்பதன்று. மூன்றும் மனிதன் செய்தவை. செய்தவற்றையெல்லாம் மனிதன் செய்துவிட்டு, துன்பப்படும் நேரத்தில் மட்டும் இயற்கையை அழைத்து முன்னே நிறுத்துவது நேர்மையாகாது.

தமிழில் 'கடன்' என்னும் சொல் இருபொருள் தருவது. செய்ய வேண்டிய கடமையும் கடன். வாங்கியதைத் திருப்பிக் கொடுக்க வேண்டிய பொறுப்பும் கடன். கொடை வேறு, கடன் வேறு. கொடுப்பவன் விரும்பினால் கொடுப்பது கொடை. கொடாவிடினும் அவனைக் கடிவார் இலர். கடனோ அவ்வாறன்று. காட்டில் காயமுற்ற பறவைக்கு மனிதன் செய்யும் உதவி கொடை எனலாம். மனிதன் உருவாக்கி, மனிதன் கைவிட்டு, மனிதன் வீசிய நரம்பில் சிக்கிய வாத்துக்குச் செய்யும் உதவி கடனாகும். வழியே வந்த நான்காமவர் தாமாக அந்தக் கடனை வாங்கியவரல்லர் என்பது உண்மையே. ஆனால், வாத்தின் இறைச்சியாலும் முட்டையாலும் இறகாலும் மனித குலம் ஆயிரமாயிரம் ஆண்டுகளாகப் பெற்ற பயனில் அவருக்கும் ஒரு பங்கு உண்டு. குடும்பச் சொத்தை நுகர்ந்தவன் குடும்பக் கடனையும் ஏற்பதுதானே முறை?

சாத்தனாரின் மணிமேகலையில் வரும் ஆபுத்திரன் வரலாறு இங்கு நினைக்கத்தக்கது. பெற்றவளால் கைவிடப்பட்ட பச்சிளங்குழந்தையை ஒரு பசு ஏழு நாள் பாலூட்டிக் காத்தது. அக்குழந்தை வளர்ந்து, வேள்விக்கெனக் கட்டப்பட்டிருந்த பசுவொன்றைக் கண்டு இரங்கி, இரவில் அவிழ்த்துக்கொண்டு போயிற்று. ஊரார் கள்வன் எனப் பழித்தனர், அடித்தனர். 'இந்தப் பசு உனக்கு என்ன உறவு?' என்பதே அவர்கள் கேள்வியின் உட்பொருள். கைவிடப்பட்டவனுக்கும் கட்டிவைக்கப்பட்டதற்கும் இடையே இருந்த உறவு அவர்கள் கண்ணுக்குப் புலப்படவில்லை. அந்த ஆபுத்திரனே மறுபிறவியில் சாவக நாட்டில் அரசனாகப் பிறந்தான் என்று காப்பியம் கூறுகிறது. சாவகம் என்பது இன்றைய சாவாவும் அதனைச் சூழ்ந்த பகுதியும் என்பர். கேட்பாரற்ற உயிர்க்கு இரங்கியவனின் கதை இத்தென்கிழக்கு ஆசிய மண்ணோடு அன்றே பிணைக்கப்பட்டுவிட்டது.

பேகனின் போர்வை

இரங்கினால் மட்டும் போதுமா? இவ்விடத்தில்தான் நல்லவர் பலரும் தவறுகின்றனர்.

கடையெழு வள்ளல்களுள் ஒருவனான பேகன், மயில் குளிரால் நடுங்குவதாக எண்ணித் தன் போர்வையை அதன்மேல் போர்த்தினான். அவன் உள்ளத்தின் ஈரத்தைச் சான்றோர் போற்றினர், போற்றத்தக்கதே. கொடுப்பதில் வரையறை பாராத அப்பண்பைக் கொடைமடம் என்று அழகாகப் பெயரிட்டனர். ஆயினும், அம்மயிலுக்கு அந்தப் போர்வை பயன்பட்டதா என்று கேட்டால் விடை கூறுவது கடினம். மயிலின் தோகையே அதற்குப் போர்வை. பேகன் தன் குளிரை மயிலின்மேல் ஏற்றிப் பார்த்தான்.

குளக்கரையில் ரொட்டி வீசிய குழந்தையும் ஒரு சிறு பேகனே. குழந்தைக்கு ரொட்டி பிடிக்கும். ஆகவே வாத்துக்கும் பிடிக்கும். ஆனால் ரொட்டியில் வாத்துக்கு வேண்டிய சத்துகள் இல்லை. மாவுப்பொருள் மிகுந்த இத்தகைய தீனியை மிகுதியாகத் தின்று வளரும் இளம் வாத்துகளுக்குச் சிறகின் மணிக்கட்டு மூட்டு திரும்பி, இறகுகள் வெளிநோக்கிக் கோணி நிற்கும் குறை உண்டாவதாகக் கால்நடை மருத்துவர் கருதுகின்றனர். வளர்ந்த பின் அதைச் சீராக்க இயலாது. தின்னாது எஞ்சும் ரொட்டி நீரில் அழுகிக் குளத்தையும் கெடுக்கிறது. அன்பினால் வீசப்பட்டது ஊனத்துக்கு விதையாகிறது.

எனவே இரக்கத்துக்கு அறிவு துணையாக வேண்டும். காயமுற்ற வாத்துக்கு உதவ விரும்புவோர் முதலில் அறிய வேண்டியது, வாத்து மனிதனைத் தன்னைக் காக்க வருபவனாக எண்ணுவதில்லை என்பதே. அதன் கண்ணுக்கு அவன் தன்னைப் பிடித்துத் தின்ன வருகிற பெரிய விலங்கு. துரத்தினால் நீருக்குள் ஓடும். ஓடியோடிக் களைத்தே உயிர் விடவும் கூடும். இருவர் சேர்ந்து, நீருக்கும் அதற்கும் இடையே நின்று, மெல்ல நிலப்பக்கம் ஒதுக்கி, துண்டையோ துணியையோ மேலே போட்டுப் பிடிப்பதே தக்க முறை. கோழியைத் தூக்குவதுபோல் காலைப் பிடித்துத் தூக்கலாகாது. வாத்தின் கால்கள் எளிதில் முறிபவை. இரு சிறகையும் உடலோடு அணைத்து இரு கைகளாலும் ஏந்த வேண்டும். மார்பை இறுக்குதலும் கூடாது. பறவைக்கு மனிதனைப்போல் உதரவிதானம் இல்லை. மார்புக்கூடு அசைந்தால்தான் அதற்கு மூச்சு. அஞ்சி அணைத்துக்கொள்ளும் கைகளே அதை மூச்சடைத்துக் கொன்றுவிடக்கூடும்.

காற்றுத் துளைகள் இட்ட அட்டைப் பெட்டியில் துணி விரித்து, அதில் வைத்து மூடி, சந்தடியற்ற இடத்தில் வைத்தால் போதும். இருள் பறவையை அமைதிப்படுத்தும். வாயைத் திறந்து நீரோ பாலோ ஊற்றுவது பெரும் பிழை. மூச்சுக்குழலின் வாய் நாவின் அடியிலேயே இருப்பதால் ஊற்றியது நுரையீரலுக்குள் போய்விடும். ஆழப் பதிந்த தூண்டில் முள்ளை இழுத்தெடுக்க முயல்வதும் தகாது. முள்ளின் எதிர்க்கூர் தசையைக் கிழித்துக்கொண்டுதான் வெளிவரும். நாயோ பூனையோ கடித்திருப்பின், வெளியே சிறு புள்ளியாகத் தோன்றும் காயத்தின் உள்ளே நஞ்சு பரவக்கூடும். சில மணி நேரத்திலேயே மருந்து தேவைப்படும். இவையெல்லாம் கால்நடை மருத்துவரின் பணி. அவரிடம் கொண்டு சேர்ப்பது வரையில்தான் வழிப்போக்கரின் பணி.

மற்றொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 1997ஆம் ஆண்டு ஹாங்காங்கில் பறவைக் காய்ச்சல் மனிதருக்குத் தொற்றியபோது 18 பேர் நோயுற்று, அவர்களுள் 6 பேர் மாண்டனர். 2004ஆம் ஆண்டில் மலேசியாவின் கிளந்தான் மாநிலத்துக் கோழிகளிடையேயும் அந்நோய் காணப்பட்டது. வாத்துகள் நோய்க்குறி எதுவும் காட்டாமலே அக்கிருமியைச் சுமந்து திரியக்கூடியவை. ஆகவே கையுறையோடு தொடுவதும், பின் சோப்பிட்டுக் கை கழுவுவதும், வீட்டுக் கோழிகளிடமிருந்து விலக்கி வைப்பதும் இன்றியமையாதவை. ஒரே இடத்தில் பல பறவைகள் செத்துக் கிடந்தால் எதையும் தொடாமல் கால்நடைத் துறைக்குத் தெரிவித்துவிட வேண்டும். இந்த எச்சரிக்கையைக் கோழைத்தனம் என்று கருதலாகாது. தன் இரக்கத்தால் தன் குழந்தைக்கு நோயைக் கொண்டு வருபவன் ஓர் உயிர்க்கு அன்பு செய்ய மற்றோர் உயிர்க்குத் தீங்கு செய்தவனாகிறான்.

மறுப்புகள் இரண்டு

இவ்வளவையும் கேட்டபின் நடைமுறை அறிந்தவர் சிலர் புன்னகை செய்வர். 'கடைத்தெருவுக்குப் போய்ப் பாருங்கள். கண்ணாடிக்குப் பின்னே வறுத்த வாத்துகள் வரிசையாகத் தொங்குகின்றன. மதியம் வாத்துச் சோறு உண்பவர் காலையில் ஒரு வாத்துக்காகக் கண்ணீர் விடுவது போலித்தனம் அல்லவா?' என்று கேட்பர். இது கூரிய கேள்வி. புலால் உண்ணாதவருக்கு இதற்கு விடை எளிது. வள்ளுவர் அருளுடைமைக்கு அடுத்த அதிகாரமாகவே புலால் மறுத்தலை வைத்தார். 1867ஆம் ஆண்டில் வடலூரில் சத்திய தருமச்சாலையை நிறுவிய வள்ளலார், சீவகாருணியத்தையே இறைவனை அடையும் வழியாகக் கண்டார். உயிர்க்கொலையையும் புலாலையும் விலக்கினார். அவர்கள் காட்டிய வழியில் முரண்பாடு இல்லை.

ஆனால், புலால் உண்பவர் இரங்கக்கூடாது என்பது எந்த நூலின் விதி? முரண்பாடு இருப்பது உண்மையே. அதைத் தீர்ப்பதற்கு இரு வழிகள் உள்ளன. இரக்கத்தைக் குறைத்துக்கொண்டு தட்டோடு பொருந்துவது ஒரு வழி. இரக்கத்தை வளர்த்துக்கொண்டு தட்டைப் பற்றி எண்ணத் தொடங்குவது மற்றொரு வழி. முன்னதைத் தேர்ந்தவனுக்கு முரண்பாடு தீர்ந்துவிடுகிறது. அவனோடு சேர்ந்து மனமும் தீர்ந்துவிடுகிறது. பின்னதைத் தேர்ந்தவன் நெடுநாள் உறுத்தலோடு வாழ வேண்டியிருக்கும். அந்த உறுத்தல் அவனுக்கு நன்மையே செய்யும். 1915ஆம் ஆண்டில் ஆப்பிரிக்காவின் ஒகோவே ஆற்றில் படகில் செல்கையில், உயிரைப் போற்றுதலே அறத்தின் அடித்தளம் என்னும் உண்மை ஆல்பர்ட் சுவைட்சருக்குத் தோன்றியது. பின்னாளில் அமைதிக்கான நோபெல் பரிசு பெற்ற அம்மருத்துவர், எவ்வுயிர்க்கும் தீங்கு செய்யாமல் வாழ்வது மனிதனுக்கு இயலாது என்பதையும் ஒப்புக்கொண்டார். இயலாமையை ஒப்புக்கொள்வதும் அதையே சாக்காக்கிக்கொள்வதும் ஒன்றல்ல.

'மனிதரே பசியால் வாடும்போது வாத்துக்கு மருத்துவமா?' என்பது மற்றொரு மறுப்பு. இதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். மருத்துவருக்குக் கொடுக்கும் வெள்ளி ஓர் ஏழைக் குடும்பத்தின் சில நாள் உணவுக்கு ஆகலாம். நாட்கூலி வாங்குபவர் தம் பிள்ளையின் பள்ளிக் கட்டணத்தை எடுத்து வாத்தின் காலுக்குச் செலவிட வேண்டும் என்று எந்த அறமும் கேட்பதில்லை. தொலைபேசியில் விலங்கு வதைத் தடுப்புச் சங்கத்துக்கோ பூங்காப் பொறுப்பாளருக்கோ தெரிவிப்பதும் உதவியே. இருப்பவர் அதற்கு மேல் செய்யட்டும். அறம் அவரவர் ஆற்றல் அளவினது. ஆனால், இந்த மறுப்பைச் சொல்வோரில் எத்தனை பேர், வாத்தைக் கடந்து சென்று மிச்சப்படுத்திய காலத்தை ஏழையின் வாயிலில் கொண்டுபோய்க் கொடுத்தனர் என்பதும் கேட்கத்தக்கதே. அன்பு என்பது பணப்பையன்று; ஒன்றுக்கு எடுத்தால் மற்றொன்றுக்குக் குறைந்துவிடும் என்று அஞ்சுவதற்கில்லை. அது கிணற்றை ஒத்தது. இறைக்காத கிணறுதான் தூர்ந்துபோகும்.

முடிவு காண அரிய வினா

எல்லாவற்றினும் கடினமான வினா இனிமேல்தான் வருகிறது. மருத்துவர் பார்த்துவிட்டு, 'கால் அழுகிவிட்டது, உடல் முழுதும் நஞ்சு பரவிவிட்டது, பிழைக்காது, வலியின்றி உயிரைப் போக்கிவிடலாம்' என்று சொன்னால் என் செய்வது? காக்கவென்று தூக்கி வந்த கைகள் கொல்வதற்கு இசைவு தரலாமா?

1928ஆம் ஆண்டில் சபர்மதி ஆசிரமத்தில் இதே வினா காந்தியடிகளின் முன் வந்து நின்றது. ஒரு கன்று தீராத நோயுற்று, புரண்டு படுக்கவும் இயலாமல் வேதனையில் துடித்தது. ஆசிரமத்தாரோடு கலந்து பேசிய பின், மருத்துவரைக் கொண்டு ஊசிமூலம் அதன் உயிரைப் போக்கச் செய்தார் அடிகள். அகிம்சையைத் தம் உயிர்மூச்சாகக் கொண்டவர் பசுவின் கன்றைக் கொல்வித்தார் என்று நாடெங்கும் சினம் மூண்டது. கண்டனக் கடிதங்கள் குவிந்தன. அவர் எதையும் மறைக்கவில்லை. தம் ஏட்டிலேயே விளக்கி எழுதினார். துன்பத்தை நீக்க வேறு வழியே இல்லாத நிலையில், தன்னலம் சிறிதுமின்றி அவ்வுயிரின் அமைதி ஒன்றையே கருதிச் செய்வது இம்சையாகாது என்பது அவர் நிலை.

இதற்கு எதிர்நிலையும் மதிக்கத்தக்கதே. தில்லியில் செங்கோட்டைக்கு எதிரே, சமணர் கோயிலை ஒட்டிப் பறவைகளுக்கென்றே ஒரு மருத்துவமனை நடைபெறுகிறது. புலால் உண்ணாத பறவைகளே அங்குத் தங்கி மருத்துவம் பெறுகின்றன. பருந்து முதலியவற்றுக்கு மருந்திட்டு அனுப்பிவிடுகின்றனர். சமண நெறியில் உயிரைப் போக்கும் உரிமை மனிதனுக்கு இல்லை. ஒவ்வோர் உயிரும் தன் வினையைத் தானே துய்த்துத் தீர்க்கவேண்டும். உடனிருந்து வலியைத் தணிப்பதே பிறர் செய்யக்கூடியது.

இவ்விரு நிலைகளுக்கும் இடையே ஒருவர் எதைத் தேர்ந்தாலும், தம்மையே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: தீர்க்கப்படுவது யாருடைய துன்பம்? வாத்தின் துன்பமா, அதைக் காணச் சகியாத தம் துன்பமா? காணச் சகியாமையால் விரைந்து கொல்லச் சொல்வோரும் உண்டு; கொன்ற பழி தமக்கு வேண்டாமென்று துடிக்க விடுவோரும் உண்டு. இருவரும் தம்மையே நினைக்கின்றனர். அறிந்த மருத்துவரின் சொல்லைக் கேட்டு, பிழைக்கும் வழி உண்டா என்பதை இறுதிவரை ஆராய்ந்து, அதன் பின்னும் நெஞ்சு கனக்க முடிவு செய்பவனே வாத்தை நினைத்தவன். அத்தகைய முடிவு எதுவாயினும் அவனுக்கு அன்றிரவு நல்ல உறக்கம் வாராது. வாராமல் இருப்பதே முறை.

பிழைத்துவிட்டாலோ, சிக்கல் வேறு வடிவில் தொடர்கிறது. நலமுற்ற வாத்தை எங்கே விடுவது? அதே குளத்திலா? விசாக நாளில் புண்ணியம் தேடிப் பறவைகளையும் மீன்களையும் ஆமைகளையும் விடுகிற வழக்கத்தைக் கைவிடுமாறு சிங்கப்பூர்த் தேசியப் பூங்காக் கழகம் மக்களை வேண்டி வருகிறது. வளர்ப்பு உயிர்கள் பெரும்பாலும் வெளியில் பிழைப்பதில்லை. பிழைத்தாலும் அங்குள்ள உயிர்களின் வாழ்வைக் கெடுக்கின்றன. விடுதலை என்னும் அழகிய சொல்லுக்குள் கைவிடுதல் ஒளிந்திருக்கக்கூடும் என்பதற்கு இது நல்ல சான்று. குணமான வாத்துக்கு வேண்டியது, வேலியும் நீரும் நிழலும் உள்ள ஒரு வீட்டு முற்றம். நாள்தோறும் தீனி வைக்கும் ஒரு கை. அத்தகைய இடம் தேடித் தரும் வரையில் உதவி முற்றுப்பெறுவதில்லை. இரங்குவதற்கு ஒரு காலைப் பொழுது போதும். இரக்கத்தைக் காப்பதற்குப் பல நாள் வேண்டும்.

கேட்டவர்

இளவரசன் சித்தார்த்தன், தேவதத்தன் எய்த அம்பினால் வீழ்ந்த அன்னத்தை எடுத்துக் காத்த கதையை அறியாதார் இலர். 'எய்தவன் நான், பறவை எனது' என்றான் தேவதத்தன். வழக்கு அவை ஏறியது. உயிரைப் போக்க முயன்றவனுக்கன்று, காத்தவனுக்கே அவ்வுயிர் உரியது என்று தீர்ப்பாயிற்று. இக்கதையைச் சொல்வோர் பெரும்பாலும் தீர்ப்போடு நிறுத்திவிடுவர். அத்தீர்ப்பினால் சித்தார்த்தன் பெற்றது ஓர் உடைமையா? அன்று அவன் பெற்றது ஒரு பொறுப்பு. புண் ஆறும் வரையில் மருந்திட வேண்டும். இரை தேடித் தர வேண்டும். மீண்டும் அம்பு படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். 'எனது' என்னும் சொல்லைத் தேவதத்தன் பறிப்பதற்குப் பயன்படுத்தினான். சித்தார்த்தன் சுமப்பதற்குப் பயன்படுத்தினான்.

கதையில் வருவது அன்னம். அழகும் பெருமையும் வாய்ந்தது. அரச அவை கூடி அதற்காக வழக்குரைத்தது. பூங்காக் குளத்தில் கிடப்பதோ வாத்து. சேறு படிந்தது, இரைச்சலிடுவது, சந்தையில் சில வெள்ளிக்குக் கிடைப்பது. அதற்காக எந்த அவையும் கூடாது. அதை எய்தவனும் 'எனது' என்று சொல்லிக்கொண்டு வரமாட்டான். பசுவுக்கு இருந்தது போன்ற மணியும் அதற்கு இல்லை. இருந்தாலும் அசைக்கக் கால் இல்லை.

ஆகவேதான் அந்த நான்காமவரின் தயக்கம் பொருளுடையதாகிறது. வேலைக்கு நேரமாகிறது என்பதும், பணம் இல்லை என்பதும், பழக்கம் இல்லை என்பதும் அவருக்கு மறந்துவிடவில்லை. அவர் செய்வது பெரிய தியாகமும் அன்று. பழகிய ஒருவரைத் துணைக்கு அழைக்கிறார்; தெரிந்த இடத்துக்குத் தொலைபேசியில் பேசுகிறார்; அருகிலுள்ள கடையில் ஓர் அட்டைப் பெட்டி கேட்டு வாங்குகிறார். அன்று அவர் வேலைக்குத் தாமதமாகவே போகிறார். வாத்து பிழைக்கலாம், பிழைக்காமலும் போகலாம். அது அவர் கையில் இல்லை.

'இந்த வாத்து யாருடையது?' என்று அவர் முதலில் கேட்டார். வளர்த்தவர் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. கைவிட்டவர் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. நரம்பை வீசியவர் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. அவர்கள் எவரும் கேட்கவில்லை. வழியே வந்த ஒருவர் நின்று கேட்டார். அவர் கேட்ட அந்தக் கணத்திலேயே, அது கேட்பாரற்ற உயிர் என்னும் நிலை நீங்கிவிட்டது.